பத்தோடு நிறுத்திய கருவி

சிவக்கொழுந்து தம் குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இல்லத்தில் எவருக்கும் அது வியப்பாக இருந்ததில்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் மட்டும் அவருடைய நரைத்த தலையைப் பார்த்து அவர் காலில் விழ முனைவார்கள். அவர் பதறி விலகி, அருகில் நிற்கும் குருவான அம்மையைச் சுட்டிக் காட்டுவார்.

மலையடிவாரத்தில் அமைந்த துறவியர் இல்லம் அது. அதை ஒட்டி ஒரு மகப்பேற்று மருத்துவமனை இருந்தது. இரண்டுக்கும் அம்மையே தலைவர். சிவக்கொழுந்து நகரத்து வணிக நிறுவனம் ஒன்றில் கணினிப் பணியில் நெடுங்காலம் இருந்தவர். பணியை உதறிவிட்டு அம்மையிடம் வந்து சேர்ந்தார். மருத்துவமனையின் கணினிகளை அம்மை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்.

பகலுணவு முடிந்து பாத்திரங்களின் ஓசை அடங்கியபின், சீடர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம் என்பது அங்குள்ள வழக்கம். அன்று சிவக்கொழுந்தின் முறை.

"அம்மை, பிழை முற்றும் நீங்கிய ஒரு செயலைச் செய்து முடித்தவன் அடுத்து எதைச் செய்ய வேண்டும்?"

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தச் செயல்?"

"குழந்தைகள் அறையின் ஸ்கேனர்."

மருத்துவமனையில் பிறக்கும், அங்கு வந்து சேரும் ஒவ்வொரு குழந்தையின் கணுக்காலிலும் ஒரு பட்டை கட்டப்படும். அதில் பார்கோடு எனப்படும் கறுப்புக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். மருந்து கொடுக்குமுன் செவிலியர் கையடக்கமான ஸ்கேனரை அப்பட்டைக்கு நேரே பிடிப்பார். கருவி "பீப்" என்னும். கணினித் திரையில் குழந்தையின் பெயர் தோன்றும். அன்றைய மருந்தைக் கொடுக்கலாமா, கொடுத்தாயிற்றா என்பதும் தோன்றும்.

"முன்பு கருவி பட்டையில் உள்ளதையெல்லாம் திரையின் முதற் கட்டத்திலேயே கொட்டிவிடும்," என்றார் சிவக்கொழுந்து. "கட்டம் ஏற்காது. செவிலியர் மிகுந்ததை அழித்து, அடுத்த கட்டத்துக்குப் போய், கையால் தட்டி... ஒரு கையில் குழந்தை, மறு கையில் இந்த வேலை. ஆகவே நான் கருவிக்கு ஒரு விதி எழுதினேன்."

"கருவிக்கு எப்படி விதி எழுதுவீர்?"

அம்மை கணினி அறியாதவர் அல்லர். ஆயினும் கேட்டார்.

"அச்சடித்த தாள் ஒன்று உண்டு, அம்மை. கட்டளைகளும் அதில் கோடுகளாகவே இருக்கும். 'தொடங்கு' என்று ஒரு கோட்டுத் தொகுதி. 'பத்து எழுத்தை அனுப்பு' என்று ஒன்று. 'என்டர் தட்டு' என்று ஒன்று. 'முடி' என்று ஒன்று. வரிசை பிறழாமல் அவற்றைக் கருவிக்குக் காட்டினால் போதும். பிறகு அது அவ்வாறே நடக்கும். மறுபேச்சே இல்லை. அப்படி ஒரு சீடன்."

"உம்மைப் போலவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சீடர்கள் சிரித்தார்கள்.

"என்னைவிட நல்ல சீடன்," என்றார் சிவக்கொழுந்து, தாமும் சிரித்தபடி. "விதி எழுதிய நாள்முதல் அது ஒருமுறைகூட எதையும் மறுக்கவில்லை."

எல்லோரும் மீண்டும் சிரித்தார்கள். அம்மை சிரிக்கவில்லை.

"ஒருமுறைகூடவா?"

"ஒருமுறைகூட."

அம்மையின் முகம் வெளிறியது. சிவக்கொழுந்து அதற்குமுன் அவரை அப்படிக் கண்டதில்லை.

"அதே விதி எழுதிய வேறு கருவி இருக்கிறதா?"

"மாற்றுக் கருவி ஒன்று அலுவலறையில் இருக்கிறது."

"வாரும்."

போகும் வழியில் அம்மை கழுவுமிடத்தில் குனிந்து, அன்று பிரித்த துணிச் சோப்பின் உறையை எடுத்துக்கொண்டார். அலுவலறையில் சிவக்கொழுந்து கணினியில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தார். அம்மை உறையை மேசைமேல் விரித்தார்.

"இதைப் படிக்கச் சொல்லும்."

"இது சோப்பு, அம்மை."

"தெரிகிறது."

சிவக்கொழுந்து கருவியை நீட்டினார். "பீப்" என்றது. அதே இனிய ஒலி. திரையில் இலக்கங்கள் விழுந்தன.

அம்மை உறையில் கோடுகளுக்குக் கீழே அச்சிட்டிருந்த இலக்கங்களை விரல் வைத்து எண்ணினார். பிறகு திரையில் எண்ணினார்.

"இங்கே பதின்மூன்று. அங்கே பத்து. மூன்று எங்கே?"

"விதிப்படி விட்டுவிட்டது, அம்மை. ஆனால் சோப்பை எவரும் தொட்டிலில் கிடத்த மாட்டார்களே."

வாயிலில் கூடிநின்ற சீடர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கினார்.

"சோப்பு என்று உமக்குத் தெரியும். அதற்குத் தெரிந்ததா?"

சிவக்கொழுந்து கருவியைப் பார்த்தார். அது சோப்பை ஏற்றுக்கொண்டிருந்தது. மறுக்கும்போது எழுப்பும் சிறு உறுமல்கூட இல்லை. அந்த ஒலியைத்தான் அவர் இத்தனை நாளும் கேட்டு மகிழ்ந்திருந்தார்.

"பீப் என்றால் என்ன பொருள்?" என்றார் அம்மை.

"கோடுகளைச் சரியாகப் படித்துவிட்டேன் என்று பொருள்."

"படித்ததை முழுவதும் சொல்லிவிட்டேன் என்றும் பொருளா?"

"இல்லை." அவர் குரல் தாழ்ந்தது. "படிப்பது வேறு. அனுப்புவது வேறு."

"குழந்தையின் பட்டையில் எத்தனை எழுத்து?"

"பன்னிரண்டு. முதற் பத்தும் தாயின் எண். அதுதான் முக்கியம். பிறகு இடைக்குறியாக ஒரு சிறு கோடு. கடைசியில் 'ஒன்று' என்னும் இலக்கம்."

"அந்த ஒன்றை ஏன் விட்டீர்?"

"எல்லாப் பட்டைகளிலும் ஒன்றுதான், அம்மை. விதி எழுதிய அன்று அறையிலிருந்த குழந்தைகள் அனைவரின் பட்டைகளையும் நானே பார்த்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று. திரையின் இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினியே ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. அதை அனுப்ப இரண்டு மூன்று கட்டளைகள் கூடுதலாக வேண்டும். வீண் என்று விட்டேன்."

"எல்லாவற்றிலும் ஒன்றே என்றால், அதை அச்சிட்டவர் வீணுக்கா அச்சிட்டார்?"

"இல்லை, அம்மை. அது பிறப்பு வரிசை. ஒரு தாய்க்கு ஒரே பேற்றில் இரண்டு..."

சிவக்கொழுந்து நிறுத்தினார்.

"திங்களன்று," என்றார் அவர். "திங்களன்று பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இரட்டையர் வந்தார்கள்."

"இன்று வியாழன்," என்றார் அம்மை.

சிவக்கொழுந்து ஓடினார். வாயிலில் நின்றவர்கள் விலகுவதற்குள் ஒருவர் தோளில் மோதிக்கொண்டு ஓடினார். அம்மையும் ஓடினார். அம்மை ஓடி எவரும் கண்டதில்லை.

*

குழந்தைகள் அறையில் செவிலியர் மரியபுஷ்பம் பால்புட்டிகளைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். விதி எழுதிய நாள்முதல் சிவக்கொழுந்துக்கு அவள் இட்டிருந்த பெயர் 'பீப் ஐயா.'

"வாங்க, பீப் ஐயா. இந்த ஓட்டம் ஓடி வாறீங்க, பெஞ்சாதிக்குப் பேறுகாலமா?"

"இரட்டையர் எங்கே?"

"ஜன்னல் பக்கம். ஏன்?"

"சின்னவனுக்கு இன்று மருந்து கொடுத்தீர்களா?"

"கொடுத்தாச்சுன்னு திரையிலே வந்துதே."

"நீங்கள் கொடுத்தீர்களா?"

"நான் கொடுக்கல்ல. பெரியவன் தொட்டில்தான் முதல்ல. அவனுக்குக் கொடுத்துட்டு இவன்கிட்ட வந்தா, 'கொடுத்தாயிற்று'ன்னு வருது. முந்தின ட்யூட்டிக்காரி இவனுக்கு மட்டும் கொடுத்திருப்பாளாக்கும்னு..."

"நேற்று?"

"நேத்தும் அப்படித்தான்..." அவள் கையிலிருந்த புட்டி மேசைமேல் சாய்ந்தது. "முந்தாநாளும் அப்படித்தான் வந்துது, ஐயா."

குறைமாதக் குழந்தைகள் உறக்கத்தில் மூச்சுவிட மறந்துவிடுவதுண்டு. மறவாதிருக்கவே அந்தச் சொட்டு மருந்து. நாள்தோறும் ஒரு வேளை. இரட்டையர் இருவருக்கும் அது எழுதப்பட்டிருந்தது. பெரியவன் நாள் தவறாமல் பெற்றான்.

மரியபுஷ்பம் ஜன்னல் பக்கம் பாய்ந்தாள்.

சின்னவன் உறங்குவதுபோல் கிடந்தான். உதடுகளைச் சுற்றி நீலம் பரவியிருந்தது. மார்பு அசையவில்லை.

"ஏசுவே!"

அவள் போர்வையை விலக்கி, அவன் உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். ஒன்றும் நிகழவில்லை. மறுபடியும் சுண்டினாள். முதுகைத் தேய்த்தாள்.

"மறந்துட்டியாலே? மூச்சு விடுலே. விடுலே, என் ராசா."

சிவக்கொழுந்து தொட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

மூன்றாவது முறை சுண்டியபோது சிறு கால் உள்ளே இழுத்துக்கொண்டது. மார்பு ஒருமுறை குழிந்து எழுந்தது. பிறகு அவன் அழுதான். மெலிந்த, கோபமான அழுகை.

மருத்துவர் வந்தார். சோதித்தார். மருந்தைத் தம் கையால் கொடுத்தார். நாளை வரை ஒருவர் தொட்டிலைவிட்டு அகலாமல் இருக்க வேண்டும் என்றார். மூச்சு நின்றால் காலைச் சுண்ட வேண்டும். அதைச் செய்யக் கருவி எதுவும் இங்கில்லை என்று சொல்லிவிட்டு, வேறொரு தாய்க்கு வலி கண்டிருந்ததால் விரைந்து போனார்.

அம்மை வாயிலில் நின்றார்.

சிவக்கொழுந்து அறையின் ஸ்கேனரை எடுத்தார். பெரியவனின் பட்டைக்கு நேரே பிடித்தார். "பீப்." திரையில் 'பேச்சித்தாய், குழந்தை 1' என்று வந்தது. சின்னவனின் பட்டைக்கு நேரே பிடித்தார். "பீப்." 'பேச்சித்தாய், குழந்தை 1.'

நம்பாமல் மறுபடியும் பிடித்தார். அதுவே வந்தது.

ஒருவன் உறங்கினான். ஒருவன் அழுதான். திரையில் ஒருவனே இருந்தான்.

"நாலு நாளா என் கண்ணு முன்னாலதான் வந்துது," என்றாள் மரியபுஷ்பம். "'குழந்தை ஒண்ணு'ன்னு. நான் அதப் பார்க்கல்ல, ஐயா. பீப் சத்தம் கேட்டா போதும்னு இருந்துட்டேன்."

சிவக்கொழுந்து சட்டைப்பையிலிருந்து கட்டளைத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். அவசரத்தில் கருவி பக்கத்துக் கோட்டைப் படித்துவிட்டது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். பன்னிரண்டு எழுத்து இருந்தால் மட்டும் தொடங்கு. பத்தை அனுப்பு. சிறு கோட்டைத் தாண்டு. அடுத்த கட்டத்துக்குப் போ. கடைசி இலக்கத்தை அனுப்பு. என்டர் தட்டு. முடி. வேறு எது வந்தாலும் உறுமு, ஒன்றையும் அனுப்பாதே.

பெரியவனின் பட்டை: குழந்தை 1. சின்னவனின் பட்டை: குழந்தை 2.

பால்மாவு டப்பாவின் கோடுகளைக் காட்டினார். கருவி உறுமியது.

"இத முதல்லயே செஞ்சிருக்கலாமே, ஐயா?" என்றாள் மரியபுஷ்பம். குறைசொல்லும் குரலில் அல்ல. அறியாதவள் கேட்பதுபோல் கேட்டாள்.

"கட்டளைகளைக் குறைத்தால் விரைவு கூடும் என்று எண்ணினேன்."

"எவ்வளவு?"

"ஒரு பட்டைக்கு... கண்ணிமைக்கும் நேரத்தில் பாதி."

அவள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள்.

*

இரட்டையரின் தாய் பேச்சித்தாய் சமையற்கூடத்தில் கஞ்சி குடித்துவிட்டு வந்தாள். பேறு கண்ட உடம்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். அறையில் ஆட்கள் நிற்பதைக் கண்டதும் நடை வேகமாயிற்று.

"ஏன் எல்லாரும் கூடி நிக்கிய? எம் பிள்ளையளுக்கு என்னமுமா, சாமி?"

அவள் சிவக்கொழுந்தைப் பார்த்தே கேட்டாள். அவருடைய நரையைக் கண்டு அவரே பெரியவர் என்று எண்ணினாள்.

"ஒன்றுமில்லை, அம்மா. சின்னவனுக்குச் சற்று மூச்சுத் தடைப்பட்டது. உடனே கவனித்தோம். மருத்துவர் மருந்து கொடுத்துவிட்டார். இப்பொழுது நலமாக இருக்கிறான்."

அவள் சின்னவனின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அது ஏறி இறங்குவதைச் சிறிது நேரம் உணர்ந்திருந்தாள். பிறகு சிவக்கொழுந்தை நோக்கி இரு கைகளையும் குவித்தாள்.

"நீங்க நல்லாருக்கணும், சாமி. ஒங்க பிள்ளைகுட்டிய நல்லாருக்கணும். எங்க ஊர்ல கெடந்திருந்தா யாரு பார்த்திருப்பா?"

மரியபுஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேச்சித்தாயின் பார்வை அவர் கையிலிருந்த கருவிமேல் விழுந்தது. அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது.

"இதானே ஆள அடையாளம் சொல்லுத மிசினு? எங்க மாமியா நேத்துப் பார்க்க வந்தாவல்லா, அவுகளுக்கு இதுல ஒண்ணு வாங்கிக் குடுக்கணும். ரெண்டு பேருக்கும் பொட்டு வைக்கேன்னு பெரியவனுக்கே ரெண்டு பொட்டு வச்சிட்டாவ! சின்னவன் மொகம் அப்படியே வெறுமையாக் கெடக்கு. எனக்குச் சிரிப்பாணி தாங்கல. இதுக்கு ரெண்டு பேரும் வேற வேறன்னு தெரியுமா, சாமி?"

"தெரியும், அம்மா."

"அப்பம் சரி," என்றாள் அவள். மனநிறைவோடு தொட்டிலின் அருகில் அமர்ந்தாள்.

*

சிவக்கொழுந்து வெளியே வந்தார். நடைக்கூடத்தின் தூணருகே அம்மை நின்றிருந்தார்.

"அம்மை, கருவி சரியாகிவிட்டது. குழந்தைக்கு மருந்து போய்விட்டது. தாய்க்கு ஆறுதல் சொல்லிவிட்டேன். நாளை வரை தொட்டிலருகில் நானே இருப்பேன். இன்னும் நான் செய்ய வேண்டியது எது?"

"தாயிடம் என்ன சொன்னீர்?"

அவர் சொன்னதைத் திரும்பச் சொன்னார்.

"அதில் பொய் உண்டா?"

"ஒரு சொல்லும் இல்லை, அம்மை. கருவிக்குத் தெரியும் என்றேனே, அதுவும் உண்மைதான். இப்பொழுது அதற்குத் தெரியும்."

"நடந்தது எத்தனை எழுத்து?"

சிவக்கொழுந்து விழித்தார்.

"அவளுக்கு எத்தனை அனுப்பினீர்?"

அவர் முகத்தில் இரத்தம் வற்றியது. ஜன்னலோரத் தொட்டிலைக் கண்டபோதுகூட அவர் இவ்வாறு நிலைகுலையவில்லை. அங்கே அவர் செய்தது அவருக்குத் தெரியாமல் நேர்ந்தது. இங்கே, சற்றுமுன், அவள் குவித்த கைகளுக்கு நேரே, தெரிந்தே நேர்ந்திருந்தது.

"அம்மை, அவள் பச்சை உடம்புக்காரி. முழுவதையும் சொன்னால் தாங்க மாட்டாள் என்று..."

"தாங்க மாட்டாள் என்று யார் பார்த்தார்?"

"நானே பார்த்து..."

பிறகு வேறு குரலில் சொன்னார்:

"சொன்னால் ஊரெல்லாம் பரவும். மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அஞ்சுவார்கள். என்னை இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். எனக்கு வேறு இடம் இல்லை, அம்மை."

"அதுவும் மிச்ச எழுத்துகளில் உள்ளதுதான்," என்றார் அம்மை.

சிவக்கொழுந்து உள்ளே போனார். அம்மையும் பின்னால் வந்து வாயிலில் நின்றார்.

பேச்சித்தாய் சின்னவனை மடியில் கிடத்தியிருந்தாள். அவரைக் கண்டதும் எழ முயன்றாள்.

"எழ வேண்டாம், அம்மா. நான் உங்களிடம் முழுவதையும் சொல்லவில்லை."

"என்ன சாமி?"

"உங்கள் சின்னவனுக்குத் திங்கள் முதல் மூச்சுக்கான மருந்து கொடுக்கப்படவில்லை. அதனால்தான் மூச்சு நின்றது. தடைப்பட்டது என்று சொன்னேன். நின்றது."

அவள் அவரைப் பார்த்தபடி இருந்தாள். சொன்னது அவளைப் போய்ச் சேரச் சற்று நேரம் ஆயிற்று.

"ஏன் குடுக்கல?" அவள் மரியபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். "ஏன் சிஸ்டர் குடுக்கல?"

"அவர்களைக் கேட்காதீர்கள். கணினி கொடுத்தாயிற்று என்று காட்டியது. பெரியவனுக்குக் கொடுத்ததைப் பார்த்து அப்படிக் காட்டியது."

"பெரியவனையும் சின்னவனையும் போட்டு மாத்திட்டுதா, மிசினு?"

"மாற்றவில்லை, அம்மா. உங்கள் எண்ணுக்கு ஒரே பிள்ளை என்று கொண்டது. இருவர் என்று சொல்லும் எழுத்து பட்டையில் இருந்தது. கருவி அதைப் படித்தது. அனுப்பவில்லை."

"ஏன் அனுப்பல? ரிப்பேரா?"

"இல்லை. அனுப்பாதே என்று அதற்குச் சொல்லிவைத்தது நான்."

பேச்சித்தாயின் கை சின்னவனின் தலைக்குப் பின்னால் போய் அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. மறு கையால் பெரியவனின் தொட்டிலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சற்றுமுன் குவித்த கைகள் அவை.

"நீங்க."

"நான்."

"தெரிஞ்சா?"

"தெரியாமல். ஆனால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை."

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. அவர் கத்துவாள் என்று எதிர்பார்த்து நின்றார். வசைகளுக்கு நெஞ்சைத் தயாராக்கி வைத்திருந்தார். அவள் குழந்தையின் கணுக்காலிலிருந்த பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். எழுத்தறியாத கண்கள் கோடுகளின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போயின. பிறகு தலை நிமிர்ந்தாள்.

"பெரியவன் பொறந்து, எல்லாரும் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சிட்டாவ. நாந்தான் இன்னும் ஒண்ணு இருக்கு, இன்னும் ஒண்ணு இருக்குன்னு கத்துனேன். கத்தித்தான் இவன வெளிய கொண்டாந்தேன்." அவள் குரல் அப்போதுதான் நடுங்கியது. "அப்பம் ஒங்க கணக்குல இவன் இன்னும் பொறக்கவே இல்லியா, சாமி?"

எந்தக் கேள்விக்கும் அம்மையிடம் திரும்புகிற வழக்கப்படி சிவக்கொழுந்தின் தலை வாயிலை நோக்கித் திரும்பியது. அவர் கண்கள் அம்மையை இறைஞ்சின.

"உம்மைத்தான் கேட்கிறாள்," என்றார் அம்மை.